பச்சை வயர்

மார்ச் 4, செவ்வாய்

கை முழுக்க ஈய வாடை. கிட்டார்காரர் ரிப்பேருக்குக் கொடுத்த வால்வு ஆம்ப், அந்த ஒலிபெருக்கிப் பெட்டி, இன்னும் உறுமுகிறது. வால்வுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். உப்பியிருந்த பெரிய கண்டென்சரையும் மாற்றினேன். இப்போது தனியாக வைத்தால் சத்தமில்லை. மாமா கடையிலுள்ள பழைய ஆடியோ மிக்சரோடு சேர்த்தால் மறுபடி ம்ம்ம்ம். மேடையில் மிக்சரோடுதான் சேர்ப்பாராம்.

"பாப்பா, அது பேசுறதுல பாதியாவது நீ பேசக் கூடாதா?" என்றார் கிட்டார்காரர். தலையைக் குனிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். நான் படிப்பை விட்டு நின்றபோது என் குரல் அங்கே யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது.

மார்ச் 5

அதேதான். கண் எரிகிறது.

மார்ச் 6, வியாழன்

மாமாவுக்கு, அதான் அக்கா புருஷனுக்கு, பொறுமை போய்விட்டது. "ஒரு டப்பாவோட எத்தனை நாள் குடித்தனம் நடத்துவே?" பிளக்கைத் திறந்து பச்சை வயரை நறுக்கினார். எர்த் போனது, உறுமலும் போனது. "பாத்தியா? அவ்வளவுதான்."

ஆம்ப் பெட்டியைத் தொட்டேன். விரலில் எறும்பு ஊர்வது போல.

"மாமா, எர்த்..."

"எத்தனை பெட்டிக்கு இப்படிப் பண்ணியிருக்கேன். யாரு செத்தா?"

கிட்டார்காரர் பாடவும் செய்வார். கை கம்பியில், உதடு மைக்கில். எர்த் இல்லாமல் உள்ளே கரண்ட் கசிந்தால் மண்ணுக்குப் போக அதற்கு வழி அவர் உடம்புதான்.

சாயங்காலம் பெட்டியை எடுத்துப்போக வந்தார். "சத்தமே இல்லியே! யாரு பண்ணினது?" மாமா என்னைக் காட்டினார். நான் கீழே திருகாணி பொறுக்குவது போல இருந்தேன். ஏன் வாயைத் திறக்கவில்லை? சொல்லு, ஏன்?

மார்ச் 7

நாளைக்குக் கிட்டார்காரருக்குக் கச்சேரி. அக்காவிடம் சொன்னேன். "உன் மாமா பேச்சை மீறாதடி. அவரை விட்டா நமக்கு வேற வீடா இருக்கு?" இல்லைதான்.

மார்ச் 8, சனி

கச்சேரி ஹாலுக்கே போய்விட்டேன்.

மேடையில் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். "அண்ணா" என்றேன். எனக்கே கேட்கவில்லை. கிட்டாரைத் தோளில் மாட்டினார். நான் ஓடிப்போய் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டேன். எல்லோரும் திரும்பினார்கள்.

"யாரும்மா அது? ஏய், கடைப் பாப்பாவா! என்னாச்சு?"

"எர்த் இல்லண்ணா. வெட்டிட்டோம். ஷாக் அடிக்கும்."

சிரிக்கவில்லை அவர். கிட்டாரைக் கழற்றி வைத்தார். எல்லோரும் பார்க்கப் பார்க்க பிளக்கைத் திறந்து பச்சை வயரை மறுபடி மாட்டினேன். திருகாணி இரண்டு தடவை விழுந்தது. ஆம்பைப் போட்டதும் உறுமல் திரும்பி வந்தது. மிக்சர் ஹாலின் மறுகோடியில் வேறு பிளக் பாயிண்டில், வேறு எர்த்தில் இருந்தது. நீள வயர் இழுத்து இரண்டையும் ஒரே பிளக் போர்டில் செருகச் சொன்னேன். உறுமல் இறங்கியது, முழுக்கப் போகவில்லை.

"கொஞ்சம் இருக்கே பாப்பா?"

"இருக்கட்டும்ணா."

மார்ச் 9

கிட்டார்காரர் ஃபோன் பண்ணி மாமாவைக் கிழித்துவிட்டாராம். மாமா என் பக்கமே திரும்பவில்லை. அக்கா தட்டை ணங்கென்று வைத்தாள்.

மார்ச் 14, வெள்ளி

மாமாவோடு இன்னும் பேச்சில்லை. உடம்பெல்லாம் அசதி. காலையில் என் மேசைமேல் மாமா பழுது பார்த்த இஸ்திரிப் பெட்டி இருந்தது. பிளக்கின் மூடியை மாட்டாமல் பக்கத்திலேயே வைத்திருந்தார். பார்த்தேன். எர்த்துக்கான பச்சை வயர் புதிதாக இருந்தது, இறுக்கமாக.

மூடியை மாட்டி அவர் மேசையில் வைத்தேன். எடுத்துக்கொண்டார்.