கூறைச் சேலையில் ஒரு படம்

இக்காஸ்ட், டென்மார்க், 1988

அன்பானவருக்கு,

உங்களைக் கொழும்பிலிருந்து கூப்பிடும் விண்ணப்பம் கிடப்பில் இருப்பதைப் பற்றி எழுத ஒரு பத்திரிகைக்காரர் கமராவுடன் வீட்டுக்கு வந்தார். படம் என்றதும் நான் கூறைச் சேலை உடுத்து, மகளுக்குப் புதுச்சட்டை போட்டு, சிரித்துக்கொண்டு நின்றேன். "எப்போதும்போல் இருங்கள்" என்றார். அழுத முகத்தைக் காட்டக் கூச்சமாக இருந்தது.

இன்று பேப்பரில் வந்துவிட்டது. தொழிற்சாலையில் றோசலின் அக்கா, "என்னடி, மனுசன் வந்திட்டாரோ? கலியாண வீடு மாதிரியெல்லோ நிக்கிறாய்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

உலகத்தையே உலுக்கிய போர்ப் புகைப்படங்களைப் பற்றி எவ்வளவோ வாசித்தவள், என் முறை வந்தபோது பொய்யாக நின்றுவிட்டேன். இந்தப் படத்தைப் பார்த்து யார் உங்களுக்காகக் குரல் கொடுப்பார்கள்?

கெஞ்சிக் கேட்டதில் பத்திரிகைக்காரர் மறுபடி படமெடுக்க வருகிறார். உங்கள் படமும் வேண்டுமாம். நீங்கள் தங்கியிருக்கும் அந்த லொட்ஜ் அறையிலேயே எடுத்து அனுப்புங்கள். தயவுசெய்து சவரம் செய்ய வேண்டாம்.

தலைகுனிவுடன்,
உங்கள் மனைவி