ஒரே அப்பா, வேறு வேறு நாடு

அக்கா,

இன்று காலை வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஒரு டீச்சர் வந்திருந்தார். படிவத்தை என் கையில் கொடுத்துவிட்டு, சுவரில் மாலையோடு இருந்த உன் படத்தைப் பார்த்தார். "இறந்துட்டாங்களா? இவங்க பேரை எடுத்துறவாம்மா?" என்றார். எடுப்பதற்கு உன் பெயர் எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

நாம் இருவரும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து அறையில் பிறந்தவர்கள். நாம் பிறப்பதற்கு முன்பே அந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்து, யார் குடிமக்கள் என்று சட்டமும் போட்டுவிட்டார்கள். அப்பா அங்கே பிறந்தவர்தான். அவருடைய அப்பாவும் அங்கே பிறந்ததாகக் காட்டு என்றார்கள். தாத்தா பிறந்ததோ பழனி பக்கத்து ஆயக்குடி. அதனால் தேயிலைக்குள்ளேயே வளர்ந்த நாம் எந்த நாட்டுக்கும் ஆகாதவர்களானோம்.

பிறகு இரண்டு நாடுகளும் பேசி நம் ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டபோது அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டார். அதற்குள் உனக்குக் கல்யாணமாகிவிட்டது. அத்தான் வீட்டார் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிப் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். நாங்கள் இந்தியாவுக்குக் கிளம்பிய அன்று ரயிலேற்றிவிட வந்த நீ, "போய்ட்டு கடுதாசி போடுங்க, பின்னால நாங்களும் வாறோம்" என்றாய்.

நீ வந்தது பத்து வருடம் கழித்து. கலவரத்தில் லயத்தைக் கொளுத்தினார்கள். அத்தானும் அதிலேயே போய்விட்டார். ஒரு காகிதமும் இல்லாமல் படகில் வந்திறங்கி, முகாமில் கிடந்து, அனுமதி வாங்கி, நாங்கள் குடியேறியிருந்த இந்த மலைக்கு என்னிடம் வந்தாய். பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் பூண்டுக்குக் களையெடுத்தோம். நான் ஓட்டுப் போடப் போனால் நீ பள்ளிக்கூட வாசலிலேயே நின்றுகொள்வாய்.

குடியுரிமைக்கு எழுதிப் பார்க்கலாம் என்று ஆயக்குடிக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? கொய்யா மண்டியில் ஒரு பெரியவரிடம் தாத்தா பேரைச் சொன்னோம். "எத்தனையோ பேரு சிலோனுக்குப் போனாங்கத்தா. போனவங்க பேரையெல்லாம் யாரு எழுதி வச்சா?" என்றார் அவர். கிராம அலுவலகத்திலும் ஒன்றும் கிடைக்கவில்லை. மலையேறும் பஸ்ஸில் நீ சொன்னாய்: "சிலோன்ல கேட்டா ஆயக்குடிக்காரன் பேத்திங்கிறாங்க. ஆயக்குடியில கேட்டா அப்படி ஒரு ஆளே இல்லேங்கிறாங்க."

அதற்கப்புறமும் மனுவோடு கலெக்டர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் என் பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "உங்கப்பா இந்திய வம்சாவளின்னு இதுலயே இருக்கு. ஆனா இவங்க படகுல வந்தவங்க, சட்டப்படி கஷ்டம். உங்க கூடப்பொறந்த அக்கான்னு ஒரு உறுதிமொழி எழுதிக் குடுங்க, மேல அனுப்பிப் பாக்குறேன்."

"அப்ப என் பேப்பரையும் திரும்ப விசாரிப்பாங்களா சார்?"

"விசாரிக்கலாம்மா."

மகன் அரசாங்க வேலைக்கு எழுதிப்போட்டிருந்த நேரம் அது. பேனா என் கையில் இருந்தது. "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாறேன் சார்" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். கொஞ்ச நேரம்தான். "வா தங்கச்சி, பஸ்ஸு போயிரும்" என்று எழுந்துவிட்டாய்.

நான் வீட்டில் கேட்கவில்லை. நீயும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. எழுதிக் கொடுத்திருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பார்கள், உன்னோடு படகில் வந்தவர்களுக்கெல்லாம் அப்படித்தானே நடந்தது என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன். அது நிஜமாகவும் இருக்கலாம். ஆனாலும் அடுத்த நாளும் நீ எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாய். அதைத்தான் தாங்க முடியவில்லை.

போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் உன் உடலை வாங்கப் போனபோது நர்ஸ் ஒரு தாளை நீட்டினாள். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"கூடப்பொறந்த தங்கச்சி" என்று உடனே சொன்னேன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கவே இல்லை, அக்கா. யாரும் எதையும் திரும்ப விசாரிக்கப் போவதில்லை என்று அதற்குத் தெரிந்திருந்தது.