இலைச்சாமிக்கு ஒரு தேங்காய்

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இன்று காலை உங்கள் கல்லைக் கும்பிட்டேன். கடைவாய்ப் பல்வலி. விளக்கெண்ணெயும் மஞ்சளும் வாடையடிக்க அதன் முன் கைகூப்பி நின்றபோது நீங்கள் சிரிப்பது போலிருந்தது. சிரியுங்கள். நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்களைக் கேலி செய்தவன் நான்தானே.

நெஞ்சுச் சளிக்கு மலைக்காற்று நல்லதென்று திருச்சிக் கல்லூரியிலிருந்து ஏறி வந்தீர்கள். உங்கள் கல்மூட்டையைச் சுமந்து நான் பின்னால் வந்தேன். "ஏனுங்க, கொல்லிமலையில கல்லுக்குப் பஞ்சமுங்களா?" என்றேன். மூச்சு வாங்கியபடி ஒரு பலகைக்கல்லை எடுத்துக் காட்டினீர்கள். அதில் கருப்பாக ஒரு கிளை, இருபுறமும் சீப்புப் பல் போல இலைகள். மனிதன் பிறக்கும் முன்பே மண்ணுக்குள் போன ஊசியிலை மரம் என்றீர்கள்.

மலைமேல் அரியூர் நாட்டில், என் வீட்டை ஒட்டிய குடிசையில், உங்களுக்கு ஒரே வேலை: அந்த மரம் எந்த மரத்துக்கு உறவு என்று கண்டுபிடிப்பது. இலையின் கரித்தோலைச் சுரண்டித் திராவகத்தில் ஊறவைத்து, பித்தளைக் குழலில் கண்ணை வைத்துப் பார்ப்பீர்கள். நடுவே ஒற்றை நரம்பு. அடிப்பக்கம் மூச்சுத்துளைகள், இரண்டு பட்டையாக. இன்ன குடும்பம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தீர்கள். இலையை நம்பி உறவு சொல்வதா, காயைக் காட்டு என்று கல்லூரித் துரை எல்லோர் முன்னாலும் நகைத்தாராம். அதைச் சொன்னபோதும் நான் கேலியை விடவில்லை.

"நாங்க மூக்கைப் பாத்தே பங்காளியா, மாமன் மச்சானான்னு சொல்லிப்போடுவமுங்க."

"மூக்கு ஏமாத்தும்ப்பா. உறவே இல்லாத மரத்துக்கும் ஒரே மாதிரி இலை வரும். காய்தான் பொய் சொல்லாது."

அந்தக் காய்க்காகக் கல்லையெல்லாம் ஏடு ஏடாகப் பிளந்தோம். இலை, இலை, இலை. பலகைக்கல்லை மட்டும் தட்ட விடவில்லை நீங்கள். மேலிருக்கும் அழகான இலை கெட்டுவிடுமாம்.

மழை விட்டதும் உங்களுக்கு மலைக்காய்ச்சல் வந்தது. சளி மட்டும் உண்மையிலேயே குறைந்திருந்தது. கடைசியாக, "காய் கிடைச்சுதா?" என்று கேட்டீர்கள். "இல்லீங்க" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

உங்களைத் தேடி யாரும் ஏறி வரவில்லை. புதைத்த இடத்தில் அடையாளத்துக்குப் பலகைக்கல்லை நட்டேன். அடுத்த தையில் யாரோ மஞ்சள் பூசினார்கள். இப்போது அது இலைச்சாமி, பிள்ளைவரம் தருகிறது. கல்யாணமே ஆகாத உங்களுக்கு இது தேவைதான். எண்ணெய் தடவித் தடவி, நீங்கள் காப்பாற்றிய இலை தேய்ந்தே போயிற்று.

ஊரில் யாராவது மூக்கைப் பார்த்து உறவு சொன்னால், "காயைப் பாத்தீங்களா?" என்று இன்றும் கேட்கிறேன். ஒருவருக்கும் புரிவதில்லை.

இன்று காலை, சாமிக்கு முன்னால் கிடக்கும் தேங்காயுடைக்கும் கல் மழையில் புதைந்திருந்ததால், தேங்காயைச் சாமியின் தலையிலேயே ஓங்கி அடித்தேன். கல் ஏடாகப் பிளந்து விழுந்தது. உள்ளே அதே இலைகளோடு இன்னொரு கிளை. அதன் நுனியில், கிளையை விட்டுப் பிரியாமல், செதில் செதிலாகச் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு காய்.

தேங்காய் உடையவில்லை.