பச்சையா, சிவப்பா?

திங்கட்கிழமை

அன்புள்ள தூங்காமணி விளக்கு அவர்களுக்கு,

உங்கள் மூத்த தலைவலி எழுதுவது. நேரில் சொன்னால் நடுவில் கொட்டாவி விடுகிறீர்கள். அதனால்தான் செருப்புக்குள் கடிதம்.

ராத்திரி பார்சல் கிடங்கு, காலையும் மாலையும் ஸ்கூல் வேன். நடுவில் தூக்கம் என்று ஒன்று உண்டா, அதையும் பார்சல் கட்டி யாருக்காவது அனுப்பிவிட்டீர்களா? இடது இமை துடித்துக்கொண்டே இருக்கிறது. கண் இரண்டும் தக்காளி. அம்மா கேட்டால், "தூசி, வேற ஒண்ணுமில்ல" என்கிறீர்கள். தினமும் உங்களை மட்டும் தேடி வருகிற தூசி எந்த ஊர்த் தூசி?

சிவப்பை மறைக்க விடுகிறீர்களே, அந்தச் சொட்டு மருந்தை ஒளித்துவைத்தது நான்தான். வெள்ளையடித்தால் விரிசல் போய்விடுமா? கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள், தருகிறேன்.

மூத்த தலைவலி

செவ்வாய்க்கிழமை

மகளுக்கு,

மருந்தை எடுத்த இடத்தில் வை. சிவந்த கண்ணோடு போய் நின்றால், "தண்ணி போட்டியா?" என்று வேன் முதலாளி முகத்துக்கு நேராகக் கேட்கிறார். டாக்டரைப் போன வாரமே பார்த்தாயிற்று. கண் காய்ந்துவிட்டதாம், தேய்த்துத் தேய்த்துக் கீறல் வேறாம். "மருந்து கிடக்கட்டும், முதல்ல தூங்குங்க" என்றார். தூக்கம் எந்தக் கடையில் விற்கிறது? கிடங்கை விட்டால் மறுநாளே வேறு ஆள் வந்துவிடுவான். இரண்டு வேலை இல்லாமல் இந்த வீடு ஓடாது. நீ படிக்கிற வேலையைப் பார்.

அப்பா

வியாழக்கிழமை

அப்பா,

சாயங்காலம் உங்கள் சின்ன மகள் வாலு, கன்னம் உப்ப மிட்டாயோடு வேனிலிருந்து இறங்கினாள். ஏதுடி என்றேன்.

"அப்பா குடுத்தார். முன்சீட்ல உக்காந்து நான்தான் சிக்னல் பாத்துச் சொல்லுவேன். பச்சையா சிவப்பான்னு அப்பா கேப்பார். சரியாச் சொன்னா மிட்டாய்."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவளே தொடர்ந்தாள்: "இன்னிக்குக் காலையில சும்மா சிவப்பைப் பச்சைன்னு சொன்னேன்க்கா. அப்பா வேனை எடுத்துட்டார். லாரி மாமா எப்படித் திட்டினார் தெரியுமா?"

அவளுக்கு ஆறு வயது. குறும்பில் என் சிஷ்யை. அவளை உங்களுக்குக் கண்ணாக வைத்துக்கொண்டு, வேன் நிறையப் பிள்ளைகளோடு போயிருக்கிறீர்கள். கண் கலங்குகிறது, சிக்னல் விளக்கே தெரியவில்லை என்று எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா? லாரிக்காரர் பிரேக் போடாமல் இருந்திருந்தால் நான் யாருக்குக் கடிதம் எழுதுவது? வெட்கமாக இல்லையா அப்பா?

முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் ஆணியில் மாட்டியிருந்த வேன் சாவியையும் கொடுத்துவிட்டேன். நாளையிலிருந்து வேறு டிரைவர்.

மகள்

வெள்ளிக்கிழமை

உனக்கு,

சோறு போட்ட வேலைக்கு ஒரே நாளில் குழி தோண்டிவிட்டாய். பெற்றவனைக் காட்டிக்கொடுக்க எங்கே கற்றுக்கொண்டாய்? யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே. கண் சரியாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் இனி வேன் என்கிறார் முதலாளி. எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து நின்றேன். இனி எனக்கு எழுதாதே. நானும் எழுத மாட்டேன்.

சனிக்கிழமை

அப்பா,

எழுதாதே என்றீர்கள். சொன்ன பேச்சைக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

காலையில் கிடங்கிலிருந்து வந்தீர்கள். என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்தீர்கள். மதியச் சாப்பாடும் ஆறிப்போயிற்று. நீங்கள் புரண்டுகூடப் படுக்கவில்லை.

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. உங்களுக்கும் ஆறியிருக்காது. சண்டையை முடிக்கத்தான் கதவைத் தட்டப் போனேன். வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த வாலு, இரண்டு கையையும் விரித்து மறித்துவிட்டாள்.

"சிவப்பு. நில்லு."

கதவிடுக்கில் ஒரு கண்ணை வைத்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பச்சை ஆனதும் சொல்வாளாம். இந்த முறை பொய் சொல்ல மாட்டாளாம்.

எழுந்ததும் வந்து திட்டுங்கள். கூடத்தில்தான் இருப்பேன். அவசரமே இல்லை.

மூத்த தலைவலி