பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம்

அன்பு அம்மாவுக்கு ஜான்சி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? நான் தாம்பரத்தில் நலமாக இருக்கிறேன். போனில் சொன்னால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். பயப்படாதீர்கள், வேலை போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாண வரவேற்பு. நான்தான் படம் எடுத்தேன். மணப்பெண் சத்யபிரியாவின் காதுபடவே எங்கள் ஸ்டூடியோ முதலாளி கதிரேசன் அண்ணன் சொல்கிறார்: “இன்னா ஜான்சி, பொண்ணு கறுப்பா கீது. ஃபிளாஷை ஃபுல் பவர்ல வெச்சு அடி, வெள்ளையாயிடும்!”

அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழு வெளிச்சத்தில் அடித்தால் முகம் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரிதான் வரும். யாருக்கு வேண்டும் அது? ஃபிளாஷை நாமே அளவு வைக்கிற மேனுவலுக்கு மாற்றி, வெளிச்சத்தைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்து எடுத்தேன். கேமராத் திரையை அவளிடம் காட்டினேன்.

“இது நானேதான்க்கா. இதையே ஆல்பத்துல போடுங்க” என்றாள்.

அண்ணன் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு, மீதி நேரம் முழுக்க என்னை லைட் ஸ்டாண்டைப் பிடிக்க வைத்துவிட்டார். இது என்ன நியாயம் அம்மா?

கொஞ்சம் நெத்திலிக் கருவாடு அனுப்புங்கள். நான் ஒருத்திக்காக எதையும் சமைக்கத் தோன்றுவதில்லை.

கல்யாணத் தரகருக்குக் கொடுக்க நீங்கள் கேட்ட என் படத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். எடுத்துவிட ஆளில்லை, டைமர் வைத்து நானே எடுத்தேன். கடையில் கொடுத்துக் கலர் கூட்டிவிடாதீர்கள். பார்க்கிறவன் உங்கள் மகளைப் பார்க்கட்டும்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

ஜான்சி