டயகம கல்யாணத்துக்கு எந்தக் கேமரா

மே 3
காலையிலிருந்து மழை. ஹட்டன் கடைத்தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. டயகம தேயிலைத் தோட்டத்துக் கங்காணி முத்தையா நனைந்துகொண்டே ஸ்டூடியோவுக்கு வந்தார். மகள் பவளத்துக்கு 14ஆம் தேதி கல்யாணம். நான்தான் படம் எடுக்க வேண்டும், ஆனால் முக்காலியில் நிற்கும் என் பழைய கண்ணாடித் தகடு கேமரா வேண்டாமாம். போன மாதம் அவர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு சாவுக்கு அதைத்தான் கொண்டுபோயிருந்தேன்.
"பொணத்தப் பாத்த பொட்டிங்க அது. எம் பொண்ணு அது முன்னால நிக்க வேணாங்க."
சரி என்றுவிட்டேன். வேறு கேமராவுக்கு எங்கே போக?

மே 5
மழை விட்டது. யோசனை:
35 மி.மீ. – கோட்டுப் பையில் அடங்கும், சுருளுக்கு 36 படம். நெகடிவ் தபால்தலை அளவு. பெரிதாக்கினால் முகம் மணல் மணலாகும்.
இரட்டை லென்ஸ் – சுருளுக்கு 12. குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். நெகடிவ் பெரிது, ஃபிளாஷும் பூட்டலாம். தகடு கேமரா மாதிரி முக்காலி, கறுப்புத் துணி என்று நான் கட்டி முடிக்கும்வரை தாலி காத்திருக்காது. இதுதான்.
முதுகு வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

மே 7
பழைய சாமான் கடை சலீம் நானாவிடம் இரட்டை லென்ஸ் ஒன்று. ஷட்டர் எல்லா வேகத்திலும் சுத்தம். இந்த ஊர் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை இல்லாதது அதிசயம். திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிளாக்கர் ஊரை விட்டுப் போகும்போது விற்றதாம். அதற்கு மேல் நானாவுக்குத் தெரியவில்லை. வாங்கிவிட்டேன். உள்ளே பாதி ஓடிய பிலிம்.

மே 8
மூடுபனி. மதியமே விளக்கு.
அந்தப் பிலிமைக் கழுவினேன். நான்கு படம். பூனை. வீட்டு வாசல். வாசலில் காலி நாற்காலி. நான்காவதில் அதே நாற்காலியில் ஒரு பெண், கூறைச் சேலை, மாலை, பெரிய பொட்டு. கல்யாணப் பெண் என்றே நினைத்தேன். பிறகுதான் தாடையைச் சுற்றிய துணி தெரிந்தது. கால் கட்டைவிரல்களும் கட்டியிருந்தன. சுமங்கலியாகச் செத்தவள்.
முத்தையாவிடம் சொன்னால் கல்யாணத்துக்குப் படமே இல்லை. சொல்லப் போவதில்லை. லென்ஸை மூன்று தடவை துடைத்தேன். வெட்கமாக இருந்தது.

மே 14
டயகம. நல்ல வெயில். பன்னிரண்டும் எடுத்தாயிற்று. முத்தையா கேமராவைத் தொட்டு, புதிதா என்று கேட்டார். தலையாட்டினேன்.
பவளம் அசையாமல் நின்றாள். கேமராவின் மேல்கண்ணாடியில் பார்த்தபோதெல்லாம் கண் திறந்துதான் இருந்தது. நன்றாக நினைவிருக்கிறது.

மே 15
கழுவிப் பார்த்தால், பன்னிரண்டிலும் பவளத்தின் கண் மூடியிருக்கிறது. அவளுக்கு மட்டும். ஃபிளாஷுக்குச் சிமிட்டியிருப்பாள் என்றால், வெளியே வெயிலில் எடுத்த ஐந்துக்கும் ஃபிளாஷே இல்லை.


மே 17
தகடு கேமராவைத் தூக்கிக்கொண்டு டயகம பஸ். மறுவீட்டுக்குப் பவளமும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். முத்தையாவைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், நாற்காலிப் பெண் உட்பட. அடிப்பார் என்றிருந்தேன். அவர் தேயிலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.
"பழைய பொட்டியிலயே எடுங்க. அது பாத்ததெல்லாம் நம்ம லயத்து ஆளுகதான்."
மகளைக் கூப்பிட்டு, ஏன் கண்ணை மூடினாய் என்று கேட்டார்.
"பக்கத்துல மாலையும் பெரிய பொட்டுமா நின்ன அக்காதான்பா மூடிக்கன்னு சொன்னாங்க. அவங்க படத்துல இல்லீங்களா?"
இல்லை என்றேன். அவள் நம்பவில்லை.
இருவரையும் சுவரோரம் நிறுத்தினேன். லென்ஸ் மூடியைக் கழற்றப் போகும்போது பவளம் மாப்பிள்ளையை மெல்லத் தள்ளிவிட்டு, இருவருக்கும் நடுவே ஓராள் நிற்க இடம் விட்டாள். முத்தையாவும் பார்த்தார். 
மூன்று எண்ணினேன். பவளத்தின் கண் திறந்தே இருந்தது. ஆனால் கேமராவைப் பார்க்கவில்லை. விட்ட இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.