பஸ் ஜன்னலில் செல்வி

ஞாயிறு, இரவு.

வில்லியனூரில் போட்டோ கண்காட்சி பார்த்தேன். திருபுவனைக்குக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகும் பெண்களை ஒரு சின்னப் பெண் படம் எடுத்திருக்கிறாள். விடியற்கால வெளிச்சம் முகத்தில் விழும்வரை காத்திருந்திருக்கிறாள். அத்தனையும் அழகு.

ஒரு படத்தில் என் மகள் சிரிக்கிறாள். தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று ஆறு வருஷமாக நான் அவளிடம் பேசவில்லை. அடியில் இருந்த பெயரைக் கிட்டப் போய்ப் படித்தேன். மு. செல்வி. புருஷனுடைய இனிஷியல் இல்லை. முனுசாமி, என்னுடையது.

"இன்னா தாத்தா, இங்கியே நிக்கிறீங்க?" என்றாள் படம் எடுத்தவள்.

"எம் பொண்ணும்மா. பேரு நீ போட்டதா?"

"அவங்கதான் இப்டி எழுதச் சொன்னாங்க. நாளைக்கு வராங்க, நீங்களும் வாங்க."

போகிறேன். முதலில் என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.